விக்டர் ஹெர்பர்ட்: மனைவியின் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்த செல்லோக்காரர்

கேள்வி இதுதான்: அமெரிக்க இசை நாடகத்தின் ஆரம்ப காலத்தில் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களே அதிகம் என்கிறார்கள், ஆனால் கெர்ஷ்வின், இர்விங் பெர்லின் தாண்டி ஒரு பெயரும் தெரியவில்லை, அவர்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள், ஒருவரைப் பற்றியாவது விரிவாகச் சொல்ல முடியுமா?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கெர்ஷ்வின் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர், அவருடைய அப்பா அம்மாதான் ரஷ்யப் பேரரசில் இருந்து போனவர்கள். பெர்லின் நிஜமாகவே குடியேறியவர், ஐந்து வயதில் வந்து இறங்கினார். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் யாரைத் தொட்டாலும் பெரும்பாலும் ஜெர்மன் பேசுகிற ஒருவர்தான் வருவார். குஸ்டாவ் கெர்க்கர் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபேலியாக்காரர். கார்ல் ஹோஷ்னா பொஹீமியாவில் பிறந்து வியன்னாவில் படித்தவர். கொஞ்சம் பின்னால் பிராகில் இருந்து ருடால்ஃப் ஃப்ரிம்ல், ஹங்கேரியில் இருந்து சிக்மண்ட் ரோம்பெர்க். இவர்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் யோசிக்காமல் விக்டர் ஹெர்பர்ட் என்பேன். அவருடைய நாடகங்களை இன்றைக்கு யாரும் பெரிதாக மேடையேற்றுவதில்லை, அது தெரிந்துதான் சொல்கிறேன். மேடைக்கு மெட்டுப் போடுகிறவர் ஒரு கூலியாள் மாதிரி நடத்தப்பட்ட காலத்தில், நான் எழுதியதில் கை வைக்காதே, பயன்படுத்தினால் காசு கொடு என்று கடைசிவரை சண்டை போட்டவர் அவர். பாட்டை விட அந்தச் சண்டைகள்தான் அமெரிக்க இசைத் தொழிலை அதிகம் மாற்றின என்பது என் கருத்து.

பிறப்பிலேயே ஒரு குழப்பம் உண்டு. 1859 பிப்ரவரி 1-இல் டப்ளினில் பிறந்ததாகத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார், நம்பவும் நம்பினார். பின்னால் ஆவணங்களைத் தோண்டியவர்கள் ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் கெர்ன்சி தீவில் பிறந்தார் என்கிறார்கள். அப்பாவைப் பற்றி அம்மா சொன்ன கதையும் உண்மைக்குப் பக்கத்தில் இல்லை. எப்படியோ, அம்மா வழித் தாத்தா மட்டும் கெட்டியான அயர்லாந்துக்காரர். சாமுவேல் லவர் என்று பெயர், நாவல் எழுதுவார், பாட்டுக் கட்டுவார், படமும் வரைவார். சின்ன வயதில் சில வருடங்கள் இங்கிலாந்தின் செவன்ஓக்ஸில் அந்தத் தாத்தா வீட்டில்தான் வளர்ந்தார். வீட்டில் எந்நேரமும் பாட்டும் விருந்தாளிகளுமாக இருக்கும். அப்புறம் அம்மா ஒரு ஜெர்மன் டாக்டரை மணந்துகொள்ள, பையன் ஷ்டுட்கார்ட்டுக்குப் போனான். அங்கேதான் பள்ளிக்கூடம், அங்கேதான் இசை. மாற்றாந்தகப்பனைப் போலவே மருத்துவம் படிக்கத்தான் ஆசை, ஆனால் அதற்கு ஆகும் செலவைப் பார்த்து இசைக்குத் திரும்பினார். மனதளவில் அயர்லாந்து, வளர்ப்பில் ஜெர்மனி, பிழைப்பு அமெரிக்காவில் என்று மூன்று ஊரும் அவருக்குள் கடைசிவரை இருந்தன.

செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம், உட்கார்ந்து முன்னால் நிறுத்தி வாசிப்பது) கற்றது பெர்ன்ஹார்ட் கோஸ்மானிடம், அந்தக் காலத்தில் பெரிய பெயர். அதன்பின் பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் கூலிக்கு வாசித்தார். வியன்னாவில் எடுவார்ட் ஷ்ட்ராவுஸின் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு வருடம் வாசித்ததைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் வால்ட்ஸ் என்ற மூன்று தட்டு நடன இசை எப்படி நடக்க வேண்டும், எங்கே ஒரு நூலிழை தயங்க வேண்டும் என்பதையெல்லாம் உள்ளே உட்கார்ந்து கற்ற இடம் அதுதான். 1881-இல் ஷ்டுட்கார்ட் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை கிடைத்தது. ஐந்து வருடம் அங்கேயே. மாக்ஸ் ஸைஃப்ரிட்ஸ் என்பவரிடம் இசை எழுதக் கற்றுக்கொண்டார், முதல் செல்லோ கான்செர்ட்டோவையும் (ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் முன்னால் நின்று வாசிக்கும் நீண்ட படைப்பு) எழுதினார். ஆக, பிராட்வே என்ற நியூயார்க் நாடக உலகத்துக்கு வருவதற்கு முன்னாலேயே இவர் முழுத் தேர்ச்சி பெற்ற சாஸ்திரிய இசைக்காரர். பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் இந்தப் பெருமிதம்தான் அடிப்படை.

அமெரிக்காவுக்கு வந்த கதை வேடிக்கையானது. ஷ்டுட்கார்ட்டில் தெரேஸ் ஃபோர்ஸ்டர் என்ற சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாடகியைக் காதலித்தார். அப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஜெர்மன் மொழியில்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தது, அதற்குப் பாடகர்களைத் தேடி வால்டர் டாம்ராஷ் என்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஜெர்மனி பக்கம் வந்தார். அவருக்கு வேண்டியது தெரேஸ். அவரோ, என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகக் கதை. 1886 ஆகஸ்ட்டில் கல்யாணம், அக்டோபரில் நியூயார்க். நவம்பரில் மெட்ரோபாலிட்டன் முதல் முறையாக ‘ஐடா’ ஓபராவைப் போட்டபோது ஐடாவாகப் பாடியவர் தெரேஸ். கணவர் மேடைக்குக் கீழே செல்லோ பிடித்து உட்கார்ந்திருந்தார். நட்சத்திரம் அவர்தான், இவர் பக்கவாத்தியம். சில வருடங்களில் நிலைமை தலைகீழாகி, தெரேஸ் மேடையை விட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். ஹெர்பர்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவர் வீட்டு ஜெர்மன் சமையலைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள், அந்தக் குரலுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி கூட எழுத மாட்டார்கள்.

நியூயார்க்கில் அவர் வேகமாக மேலே வந்தார். செல்லோ தனிக் கச்சேரிகள், வாத்தியக்குழு, கூடவே நேஷனல் கன்சர்வேட்டரியில் ஆசிரியர் வேலை. 1892-இல் அந்தப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர் செக் இசையமைப்பாளர் அன்டோனின் த்வோர்ஷாக். 1894 மார்ச் 9-இல் ஹெர்பர்ட் தன் இரண்டாவது செல்லோ கான்செர்ட்டோவை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் தானே வாசித்தார். த்வோர்ஷாக் அதைக் கேட்டார். செல்லோ என்பது கூட்டத்தோடு இருந்தால் நல்ல வாத்தியம், தனியாக விட்டால் மேலே மூக்கால் பேசும், கீழே முணுமுணுக்கும் என்ற மாதிரி எண்ணம் வைத்திருந்தவர் அவர். ஹெர்பர்ட் அதை உயர்ந்த ஸ்தாயியில் பாட விட்டதையும், ஆர்க்கெஸ்ட்ராவில் ட்ராம்போன் வரை சேர்த்தும் செல்லோவின் சத்தம் அமுங்காமல் பார்த்துக்கொண்டதையும் கேட்டபின், அதே வருடம் நியூயார்க்கிலேயே உட்கார்ந்து தன் பி மைனர் கான்செர்ட்டோவை எழுத ஆரம்பித்தார். இன்றைக்கு உலகத்தில் அதிகம் வாசிக்கப்படும் செல்லோ கான்செர்ட்டோ அதுதான். தூண்டிவிட்டவர் பெயர் அடிக்குறிப்பில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆள் அதே காலகட்டத்தில் என்ன செய்தார் தெரியுமா? 22-வது ரெஜிமென்ட் என்ற நியூயார்க் ராணுவப் பிரிவின் பேண்டுக்குத் தலைவராகப் போய்ச் சேர்ந்தார். பாட்ரிக் கில்மோர் என்ற இன்னொரு அயர்லாந்துக்காரர் வளர்த்த பேண்டு அது, 1892-இல் அவர் இறந்துவிட்டார். சீருடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் மார்ச் வாசிப்பதா என்று சாஸ்திரிய உலகம் முகம் சுளித்தது. அவர் கவலைப்படவில்லை. அதே 1894-இல் போஸ்டோனியன்ஸ் என்ற ஓபரெட்டாக் (பாட்டோடு பேச்சும் கலந்த இலகுவான ஓபரா) குழுவுக்காக ‘பிரின்ஸ் அனனியாஸ்’ எழுதினார். அவருடைய முதல் மேடை வேலை. சுமாராக ஓடியது. அடுத்த வருடம் ‘தி விஸார்ட் ஆஃப் தி நைல்’ நன்றாக ஓடியது, அதற்கப்புறம் நிற்கவே இல்லை, மொத்தம் 40-க்கு மேல் எழுதிவிட்டார்.

அந்தக் கால அமெரிக்க மேடை எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் இவர் ஏன் எதற்கெடுத்தாலும் கோபப்பட்டார் என்பது புரியாது. 1878 கடைசியில் கில்பர்ட், சல்லிவன் என்ற இரு ஆங்கிலேயர்களின் ‘பினஃபோர்’ ஓபரெட்டா அமெரிக்காவுக்கு வந்து நாடு முழுக்கப் பைத்தியமாக அடித்தது, ஆனால் அவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை, ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்களின் படைப்புக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. அடுத்த நாடகத்தை 1879 டிசம்பர் 31-இல் நியூயார்க்கிலேயே கொண்டுவந்து முதலில் போட வேண்டியதாயிற்று, திருட்டைத் தடுக்க வேறு வழி தெரியாமல். வெளிநாட்டுப் படைப்புகளுக்குக் காப்புரிமை 1891-இல்தான் வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கும் நிலைமை ஒன்றும் பிரமாதம் இல்லை. இசையமைப்பாளர் பியானோவுக்கு மெட்டை எழுதிக் கொடுப்பார், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேறு ஒருவர் விரித்து எழுதுவார், நாடகம் ஓட ஆரம்பித்ததும் கதாநாயகி தனக்குப் பிடித்த வேறு யாரோ போட்ட பாட்டை நடுவில் நுழைத்துப் பாடுவார், கைதட்டு வந்தால் அது அப்படியே தங்கிவிடும். இடைச்செருகல் என்பது கெட்ட பழக்கமாகக் கூட யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் நடைமுறை. பாட்டுப் பதிப்பாளர்கள் நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் பாட்டைப் பாட வைப்பார்கள்.

ஹெர்பர்ட் இரண்டையும் ஏற்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பெரும்பாலும் தானே எழுதினார். எந்த வாத்தியம் எங்கே மூச்சு விடும் என்பது உள்ளே உட்கார்ந்து வாசித்தவருக்குத் தெரியும், அதனால் அவருடைய நாடகங்களில் கீழே இருக்கும் வாத்தியக்குழு சும்மா உம் கொட்டாது, கதை பேசும். இடைச்செருகலுக்கும் இடமில்லை என்று ஒப்பந்தத்தில் போடச் சொல்வார். 1904-இல் லூ ஃபீல்ட்ஸ் தயாரித்த ‘இட் ஹாப்பண்ட் இன் நார்ட்லேண்ட்’ நாடகத்தில் கதாநாயகி மேரி கேஹில் வேறு ஆட்களின் பாட்டுகளைச் செருகப் பார்க்க, இவர் விடவில்லை, கடைசியில் அந்த அம்மா நாடகத்தை விட்டே போனார். ஓடுகிற நாடகத்தின் நட்சத்திரத்தை ஒரு இசையமைப்பாளர் எதிர்த்து நின்று ஜெயிப்பது அதற்கு முன் கேள்விப்படாத விஷயம்.

சரி, பிட்ஸ்பர்க் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இவருடைய முதல் கோர்ட்டுச் சண்டை அதில்தான் இருக்கிறது. 1898 முதல் 1904 வரை பிட்ஸ்பர்க் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஹெர்பர்ட். பகலில் பீத்தோவன் ரிகர்சல், ராத்திரியில் நியூயார்க் மேனேஜருக்கு நகைச்சுவைப் பாட்டு. 1899-இல் மட்டும் செப்டம்பரில் இருந்து டிசம்பருக்குள் மூன்று புது ஓபரெட்டாக்கள் அவர் பெயரில் நியூயார்க்கில் இறங்கின. தரம் அடிவாங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை, அந்த மூன்றில் ஒன்றும் நிற்கவில்லை. இந்தச் சமயத்தில்தான் ‘மியூசிக்கல் கூரியர்’ பத்திரிகையின் ஆசிரியர் மார்க் புளூமென்பெர்க், ஹெர்பர்ட் எழுதியது எல்லாமே காப்பி, சொந்தமாக ஒரு மெட்டும் கிடையாது என்கிற மாதிரி 1901-இல் எழுதினார். ஹெர்பர்ட் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1902-இல் வழக்கு நடந்தபோது இரு பக்கமும் இசைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள், டாம்ராஷ் இவருக்காக வந்தார். ஜூரி 15,000 டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது, ஆனால் தீர்ப்பு நின்றது. ஊரில் இருந்த வாத்தியக்காரர்களுக்கு எல்லாம் கொண்டாட்டம், அந்தப் பத்திரிகையைக் கண்டு பயப்படாதவர் அதுவரை யாரும் இல்லை. எல்லாமே காப்பி என்றது அபாண்டம், ஆனால் அவருடைய வால்ட்ஸில் வியன்னா வாசனை அடிக்கத்தான் செய்கிறது. வியன்னாவில் வால்ட்ஸ் வாசித்துச் சம்பளம் வாங்கியவரிடம் வேறு என்ன வாசனை அடிக்கும்?

பிட்ஸ்பர்க்கை விட்டபின் சொந்தப் பெயரில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வைத்தார், கோடைக்காலங்களில் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் வில்லோ குரோவ் பூங்காவில் வாசிப்பார்கள். ஹெர்பர்ட்டிடம் ஓபோ என்ற ஊதுகுழல் வாசித்தவர்களில் மேலே சொன்ன கார்ல் ஹோஷ்னாவும் ஒருவர். ஓபோவின் நாக்குத் துண்டு அதிர்ந்து அதிர்ந்து தன் மூளையைக் கெடுத்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம், அதனால் வாசிப்பதை விட்டுவிட்டு, எந்தச் சம்பளமானாலும் சரி என்று விட்மார்க் பதிப்பகத்தில் வேலை கேட்டுப் போனார், அங்கிருந்து இசையமைப்பாளர் ஆகி ‘மேடம் ஷெரி’ என்ற வெற்றி நாடகமும் கொடுத்துவிட்டு 1911-இல் இளவயதில் இறந்துபோனார். பாவம்.

ஹெர்பர்ட்டின் நல்ல வருடங்கள் 1903-இல் தொடங்கி ஏறத்தாழ பத்து வருடம். ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ நாடகம் அந்த வருடம் சக்கைப்போடு போட, அதே தயாரிப்பாளர்கள் அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று இவரிடம் வந்தார்கள். ‘பேப்ஸ் இன் டாய்லேண்ட்’ ஜூனில் சிகாகோவிலும் அக்டோபரில் நியூயார்க்கிலும் இறங்கியது. கதை என்று ஒன்று கிடையாது, குழந்தைப் பாடல்களில் வரும் பாத்திரங்களை எல்லாம் ஒரு மேடையில் கொட்டிக் கிளறினார்கள். ஆனால் அதில் வரும் பொம்மைகளின் அணிவகுப்பு இசையைக் கேட்டுப் பாருங்கள். தகரப் பொம்மை நடக்கிற மாதிரியே விறைப்பாகத் தொடங்கி, வாத்தியம் வாத்தியமாகச் சேர்த்து, எங்கும் கனம் ஏறாமல் கொண்டுபோவார். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்றைக்கும் காதில் விழுகிற இசை அது, பெரும்பாலானவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியாது.

1905-இல் ‘மாமசெல் மொடிஸ்ட்’, 1906-இல் ‘தி ரெட் மில்’. இரண்டாவது 274 காட்சிகள் ஓடியது, அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய நாடகங்களில் அதுதான் நீண்ட ஓட்டம். தியேட்டர் வாசலில் மின்விளக்கு வைத்த காற்றாலை ஒன்றைச் சுற்ற விட்டிருந்தார்கள், பிராட்வேயில் அசையும் விளக்கு விளம்பரத்தின் ஆரம்பங்களில் ஒன்று.

1910-இல் வந்த ‘நாட்டி மரியெட்டா’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் என்று ஒரு முதலாளி, அவரும் ஜெர்மன் பகுதியில் இருந்து வந்து சுருட்டுத் தொழிலில் சம்பாதித்தவர். (பின்னால் ரிச்சர்ட் ராஜர்ஸுடன் சேர்ந்து எழுதிய ஹேமர்ஸ்டைன் இவருடைய பேரன்.) மெட்ரோபாலிட்டனுக்குப் போட்டியாக ஓபரா கம்பெனி நடத்தி அவர்களைத் திணறடித்தார், அவர்கள் 1910-இல் பெரிய தொகை கொடுத்து, பத்து வருடம் நியூயார்க்கில் ஓபரா போடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையில் ஓபராப் பாடகர்கள் இருக்கிறார்கள், ஓபரா போட முடியாது. என்ன செய்வது? ஓபரெட்டா. எம்மா ட்ரென்டினி, ஓர்வில் ஹெரால்ட் மாதிரி நிஜமான ஓபராக் குரல்கள் ஹெர்பர்ட்டுக்கு ஒருசேரக் கிடைத்தது இப்படித்தான். வழக்கமாக மேடை நடிகர்களின் குரலுக்காக அடக்கி எழுதுகிறவர் இந்த முறை கையைக் கட்டாமல் எழுதினார்.

கதை பதினெட்டாம் நூற்றாண்டு நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. கதாநாயகிக்குக் கனவில் ஒரு மெட்டின் தொடக்கம் மட்டும் கேட்டிருக்கிறது, மீதியை யார் பாடி முடிக்கிறானோ அவன்தான் தனக்கானவன் என்று காத்திருக்கிறாள். ஹெர்பர்ட் செய்த வேலை என்னவென்றால், நாடகம் முழுக்க அந்த மெட்டை அரைகுறையாகவே விட்டுக்கொண்டு வந்து, கடைசியில்தான் முழுசாகப் பாட விடுகிறார். அதுதான் ‘ஆ, ஸ்வீட் மிஸ்டரி ஆஃப் லைஃப்’. தனியாகக் கேட்டால் கொஞ்சம் சர்க்கரை அதிகம், எனக்கும் அப்படித்தான் இருக்கும். நாடகத்துக்குள் வைத்துக் கேட்டால், பாட்டே கதையின் முடிச்சாக இருக்கிறது. பாட்டும் கதையும் ஒன்றாக இணைந்தது பின்னால் 1940-களில்தான் நடந்தது என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

அதே நாடகத்தில்தான் பெரிய சண்டையும். ஒரு நாள் ஹெர்பர்ட்டே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறார், ட்ரென்டினி பாடிய பாட்டுக்குக் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கிறது, இவர் கையைத் தூக்கித் தயாராக நிற்கிறார், அந்த அம்மா பாட மாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். ஹெர்பர்ட் கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தவர், இனி அவருக்கு ஒரு வரி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ட்ரென்டினியின் அடுத்த நாடகத்துக்கு ஆள் வேண்டும். மேடைக்கு அதுவரை எழுதியே பழகாத, பிராகில் இருந்து வந்த ஒரு பியானோக்காரரைப் பதிப்பாளர்கள் சிபாரிசு செய்தார்கள். அவர்தான் ஃப்ரிம்ல், நாடகம் 1912-இல் வந்த ‘தி ஃபயர்ஃப்ளை’. ஒரு குடியேறியவரின் கோபத்தில் இன்னொரு குடியேறியவருக்குப் பிழைப்பு திறந்தது.

இதற்கு நடுவில் பெரிய ஓபரா எழுத வேண்டும் என்ற ஆசையும் அவரை விடவில்லை. 1911-இல் ‘நடோமா’, மேரி கார்டனும் ஜான் மெக்கார்மக்கும் பாடினார்கள். வசனம் மகா மட்டம். பாட்டு எழுதுகிறவர்கள் விஷயத்தில் ஹெர்பர்ட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு மெட்டுப் போட்டுவிடுவார். அவர் நாடகங்கள் இன்று ஓடாததற்கு முதல் காரணம் இதுதான்: இசை தாங்குகிறது, பேச்சு தாங்கவில்லை.

இனி சட்டக் கதை. பியானோ ரோல் (தானாக வாசிக்கும் பியானோவில் மாட்டும் ஓட்டை போட்ட காகிதச் சுருள்), ஃபோனோகிராஃப் இரண்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன, இசையமைப்பாளருக்கு அதில் ஒன்றும் கிடையாது. 1906-இல் மார்ச் இசைக்குப் பெயர்போன ஜான் ஃபிலிப் சூசாவும் ஹெர்பர்ட்டும் வாஷிங்டனுக்குப் போய் நாடாளுமன்றக் குழு முன் வாதாடினார்கள். 1908-இல் உச்ச நீதிமன்றம், பியானோ ரோலில் இருக்கும் ஓட்டைகளை மனிதன் படிக்க முடியாது, ஆகவே அது நகல் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லியது. 1909-இல் புதுச் சட்டம் வந்து, ஒவ்வொரு ரோலுக்கும் இசைத்தட்டுக்கும் 2 சென்ட் கொடுக்க வேண்டும் என்றானது. அந்தச் சட்டத்திலேயே, லாபத்துக்காகப் பொதுவில் இசைத்தால் உரிமைக்காரரின் அனுமதி வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நியூயார்க்கில் ஹோட்டல், உணவகம், காபரே என்று எங்கும் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருந்தது, எழுதியவருக்கு ஒன்றும் வரவில்லை.

1913 அக்டோபரில் 14-வது தெருவில் லூஷோவ்ஸ் என்ற ஜெர்மன் உணவகத்தில் ஒரு சாப்பாட்டுக் கூட்டம். பலரைக் கூப்பிட்டிருந்தார்கள், மழை, ஒன்பது பேர்தான் வந்தார்கள். அடுத்த பிப்ரவரியில், 1914-இல், ஆஸ்கேப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்க இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் சங்கம் உருவானது. வக்கீல் நாதன் பர்கன், ருமேனியாவில் பிறந்தவர். ஹெர்பர்ட் துணைத் தலைவர், ஆனால் வெளியில் சங்கத்தின் முகம் அவர்தான். ஹோட்டல் முதலாளிகள் எதிர்த்தார்கள், வேலை போய்விடும் என்று வாத்தியக்காரர்களே கூட எதிர்த்தார்கள்.

1915 ஏப்ரலில் பிராட்வேயில் இருந்த ஷான்லீஸ் உணவகத்தில், ஹெர்பர்ட்டின் 1913 ஓபரெட்டாவான ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ பாட்டைப் பாடினார்கள். வழக்கு. உணவகத்தின் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: நாங்கள் பாட்டுக்கு டிக்கெட் போடவில்லை, சாப்பாட்டுக்குத்தான் காசு வாங்குகிறோம், பாட்டு சும்மா. கீழ்க் கோர்ட்டுகள் அதை ஏற்றுக்கொண்டன. 1917 ஜனவரி 22-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் ஒரே போடாகப் போட்டார். தீர்ப்பு மிகச் சின்னது. வாசலில் காசு வாங்கினால்தான் உரிமை மீறல் என்றால் அந்த உரிமைக்குப் பாதுகாப்பே இல்லை. அங்கே வருகிறவர்கள் வெறும் சாப்பாட்டுக்கு வருவதில்லை, அதே சாப்பாடு வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கும். இசையால் வருமானம் இல்லை என்றால் முதலாளி அதை நிறுத்திவிடுவார், வருமானம் இருக்கிறது என்றால் அது வாடிக்கையாளர் பையில் இருந்துதான் வருகிறது. எல்லா நீதிபதிகளும் ஒரே குரல். இன்றைக்கு நம்மூர் ஹோட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பாட்டுக்கு ராயல்டி கேட்டால், சும்மா போடுகிற பாட்டுக்கு எதற்குக் காசு என்று எழுகிற அதே கேள்விக்கு அங்கே நூறு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லப்பட்ட பதில் இது. அப்புறமும் பணம் கொட்டவில்லை. வசூலித்தது எல்லாம் வழக்குச் செலவுக்கே போய், 1921-இல்தான் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. வானொலி வந்ததும் அதே சண்டையை முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அயர்லாந்து பாசத்தையும் விட்டுவிடக் கூடாது. 1916-இல் ‘அயர்லாந்து விடுதலையின் நண்பர்கள்’ என்று நியூயார்க்கில் தொடங்கிய அமைப்புக்கு முதல் தலைவர் ஹெர்பர்ட்தான். 1798 கிளர்ச்சியை வைத்து ‘ஐலீன்’ என்று ஒரு ஓபரெட்டா எழுதினார், தன் வேலைகளில் அதன் மேல் தனிப் பிரியம் அவருக்கு. 1917 மார்ச் 19-இல் நியூயார்க்கில் இறங்கியது. ஆங்கிலேயர்களை வில்லனாக வைத்த கதை. ஏப்ரல் 6-இல் அமெரிக்கா ஆங்கிலேயர்களோடு சேர்ந்து போரில் இறங்கியது. ஜெர்மனியில் வளர்ந்த அயர்லாந்து தேசியவாதிக்கு இதைவிட மோசமான மாதம் அமைந்திருக்க முடியாது.

போருக்குப் பின் ரசனை மாறிவிட்டது. ராக்டைம், ஜாஸ், ஜெரோம் கெர்னின் சின்னச் சின்ன அரங்க நாடகங்கள். ஹெர்பர்ட் ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற ஆட்டம் பாட்டுக் கதம்ப நிகழ்ச்சியின் காட்சிகளுக்குத் துண்டு துண்டாக எழுதினார். முன்பு கர்ஜித்தவர் இப்போது மற்றவர்கள் பெயரோடு தன் பெயரையும் போட ஒத்துக்கொண்டார் என்று சிலர் இதை வருத்தமாக எழுதுவார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. வேலை கிடைத்தால் செய்கிறவர் அவர், பேண்டுக்குப் போன அதே ஆள்தான். 1916-இல் ‘தி ஃபால் ஆஃப் எ நேஷன்’ என்ற மௌனப் படத்துக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா இசை புதிதாக எழுதிக் கொடுத்தார். முழுநீளப் படம் ஒன்றுக்கென்றே தனியாக எழுதிய இசைகளில் அது மிக ஆரம்ப காலத்தது. படம் தொலைந்துவிட்டது, இசை மட்டும் கிடைத்தது. 1924 பிப்ரவரி 12-இல் இயோலியன் ஹாலில் ஜாஸ் குழுத் தலைவர் பால் வைட்மேன் நடத்திய கச்சேரியில் அவருடைய ‘எ சூட் ஆஃப் செரனேட்ஸ்’ முதல் முறையாக வாசிக்கப்பட்டது. அதே நிகழ்ச்சியில்தான் 25 வயது கெர்ஷ்வின் பியானோவில் உட்கார்ந்து ‘ராப்சடி இன் புளூ’ வாசித்தார். மறுநாள் எல்லாரும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்து, மே 26-இல், லாம்ப்ஸ் கிளப்பில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடம்பு சரியில்லை என்று டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு. வயது 65. அப்போதும் கையில் ஒரு நாடக வேலை இருந்தது, ‘தி ட்ரீம் கேர்ள்’ ஆகஸ்ட்டில் அவர் இல்லாமல் இறங்கியது.

கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்றால் நாடகங்களில் இருந்து தொடங்காதீர்கள், சலித்துவிடும். முதலில் இரண்டாவது செல்லோ கான்செர்ட்டோ. யோ-யோ மா நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் வாசித்த பதிவில் த்வோர்ஷாக்கின் கான்செர்ட்டோவும் சேர்ந்தே வருகிறது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யார் யாரிடம் எதை எடுத்தார்கள் என்று காதே சொல்லும். அப்புறம் பொம்மைகளின் அணிவகுப்பு. 1935-இல் வந்த ‘நாட்டி மரியெட்டா’ சினிமாவைப் பார்க்கலாம், ஆனால் கதையை அதில் நிறைய மாற்றிவிட்டார்கள். அவரே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய பழைய தட்டுகளும் இருக்கின்றன, எடிசன் கம்பெனிக்கும் பிறகு விக்டர் கம்பெனிக்கும் பதிவு செய்தார். வாஷிங்டனில் அந்தக் கம்பெனிகளை எதிர்த்து நின்ற சூடு ஆறுமுன் அவர்களிடமே வேலைக்குப் போனதும் இவர்தான். 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளின் காப்புரிமை அமெரிக்காவில் 2022 ஜனவரி 1-இல் முடிந்துவிட்டதால் அவற்றை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம், கரகரப்பு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.